மாற்று ஆள்

ஜப்பான் படையிடம் ரங்கூன் விழுந்த வருடம் மிளகாய் விலை தாறுமாறாக ஏறியது. ராசிபுரத்துக்கு மேற்கே தோட்டம் வைத்திருந்த பண்ணாடி சின்னுசாமிக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு ஜோடி மாடு கிணற்றுக் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்தால் அரைத் தோட்டம்தான் நனைகிறது என்று சந்தைக்குப் போய் இன்னொரு ஜோடியை ஓட்டி வந்தார்.

கவலை ஓட்டுகிறவன் கருப்பண்ணன். மாடுகளைச் சரிவில் இறக்கி, வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து பாரம் கொடுப்பான்; கிணற்றிலிருந்து தண்ணீர் நிறைந்த தோல் சால் மேலேறும். தண்ணீர் கொட்டியதும் மாடுகளைப் பின்னோக்கி நடத்தி, தானும் பின்னடி வைத்தே கிணற்று மேட்டுக்கு வருவான். விடிந்ததிலிருந்து இதே நடைதான். அவன் பெண்டாட்டி பொன்னாயி வயலில் மடை திருப்புவாள். முன்பெல்லாம் உச்சிப்பொழுதுக்கு மாடு நுரை தள்ளும், அவிழ்த்துவிடுவார்கள். மாடு படுத்தால் மனுஷனும் படுக்கலாம். வெயில் தாழ்ந்துதான் மறுபடி பூட்டுவது.

இப்போது உச்சிக்கு மாற்று மாடு வந்தது. களைத்த மாடுகள் வேப்ப நிழலில் அமர்க்களமாகப் பருத்திக்கொட்டை தின்றன. கருப்பண்ணனுக்கு மட்டும் ஓய்வில்லை. கூலியும் அதே கூலி.

கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். ஒரு மதியம் மாடுகளைப் பின்னோக்கி நடத்தி வருகையில் கண் சொருகியது. கஞ்சி கொண்டுவந்த பொன்னாயி போட்ட அலறலில் விழித்தபோது அவன் குதிகால் கிணற்று விளிம்பில் இருந்தது. அங்கேயே மாட்டை அவிழ்த்தான்.

பண்ணாடி ஓடி வந்தார். "ஏன்டா கருப்பா, பொழுது உச்சியிலயே நிக்குது. நாள் கூலி நாளுக்குத்தானே?"

"ஆமாங்க பண்ணாடி. நான் உங்களுக்கு விக்கறது ஒரு நாள் தெம்புங்க. முந்தி அதுல ஒரு பங்கு வேலை வாங்குனீங்க, இப்ப ரெண்டு பங்கு வாங்கறீங்க. தெம்பு ரெண்டாகலீங்களே! நாளைக்கு விக்கறதுக்கு எங்கிட்ட மிச்சம் வேணுமுங்க."

"மாடு இழுக்குதல்ல?"

"மாட்டை முழுசா வாங்கிட்டீங்க. செத்தா உங்க நட்டமுங்க, அதனால நெழல்ல கட்டறீங்க. நான் செத்தா இவ தாலிதானுங்களே போகும்."

"அப்ப ஊட்டுக்குப் போடா! எனக்கு ஆளா இல்ல?"

ஊட்டுக்குப் போனான். அடுப்பு எப்படி எரியும் என்று தானியப் பானையைத் திறந்து பார்த்தான். பொன்னாயியோ குதிகால் கதையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் பண்ணாடி வேறு ஆள் கேட்டுத் தெருவுக்குச் சொல்லியனுப்பினார். ஆச்சரியம், தெருவில் ஒருத்தருக்கும் உடம்பு சரியில்லை! "இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுச் சென்றாயன் விறகு பிளக்கப் போனான்.

வீம்புக்குப் பண்ணாடியே வடத்தில் ஏறினார். பொன்னாயியும் கருப்பண்ணனும் தெருச்சனமும் வரப்பில் நின்று பார்த்தார்கள். மாடுகள் அவர் அதட்டலை மதிக்கவில்லை. பின்னால் வா என்றால் முன்னால் போயின. உச்சிக்குள் உள்ளங்கை கொப்பளித்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாத்து மாட்டைப் பூட்டுங்கடா!" என்று பழக்கத்தில் கத்தினார். புது ஜோடி தலையை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. பண்ணாடியால் தரையிலிருந்து எழ முடியவில்லை.

வரப்பிலிருந்து பொன்னாயி கேட்டாள்: "மாத்து மாடு வந்துருச்சுங்க பண்ணாடி. மாத்து ஆளு எங்கீங்க?"

தெருவே சிரித்தது. பண்ணாடி தன் கைகளைப் பார்த்தார். வாடிக்கிடந்த மிளகாய்ச் செடிகளைப் பார்த்தார்.

"சென்றாயனையும் வரச்சொல்லு கருப்பா. உச்சி வரைக்கும் நீ, அப்புறம் அவன்."

"கூலி ரெண்டு பேருக்கும் முழுசுங்களா?" பொன்னாயி விடவில்லை.

"முழுசுதான், போ!"

கருப்பண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துண்டைத் தலைக்குமேல் சுழற்றினான். அன்று பொழுது சாய்வதற்குள் சேதி சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் எட்டியது. மாற்று மாடு வைத்திருந்த பண்ணாடிகளெல்லாம் கூலிக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள்.

மறுநாள் உச்சிக்கு, இடுப்பு மாயமாகக் குணமான சென்றாயன் வடத்தில் ஏறினான். கருப்பண்ணன் வாய்க்காலில் முகம் கழுவி, வேப்ப நிழலில் மாடுகளுக்குப் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்தான். அந்தப் பக்கமாக வந்த பண்ணாடி மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கருப்பண்ணனின் நீட்டிய கால் வழியில் கிடந்தது. சுற்றிக்கொண்டு போனார்.