மண்ணெண்ணெயில் குளித்த குருவி

ஓசூரில் இரும்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் முனீர் அகமதுவுக்கு வேலை, நல்ல பீஸையும் கெட்ட பீஸையும் பிரிப்பது. வெர்னியர் வைத்து அளக்காத எதையும் அவன் நம்பமாட்டான். பெண் பார்க்கப் போன இடத்திலும் அளந்து பார்த்துத்தான் ரிஜெக்ட் செய்தான் என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் ரிஜெக்ட் ஆனது அவன்தான்.

எண்பத்தெட்டு அக்டோபரில் அவன் அண்ணன் ஷௌகத் அலி ஓட்டிப் போன லாரி திரும்பி வந்தது. அண்ணன் வரவில்லை. கூடப் போன இன்னொரு டிரைவர் மாரிசாமி மட்டும் இறங்கினான். இறங்கியவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"டெல்லியில லோடு எறக்கிட்டு எவளோடயோ ஓடிட்டான்பா" என்றார் லாரி முதலாளி கோவிந்தப்பன். "லாரியையாவது வுட்டுட்டுப் போனானே, நல்ல மனசு."

இதில் அண்ணி ஃபகருன்னிசாவுக்கு ஒரு சிக்கல். புருஷன் செத்திருந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் துக்கம் காத்து இத்தா இருக்க வேண்டும். ஓடிப்போயிருந்தால் இத்தா கிடையாது, திட்டலாம். எது என்று தெரியாததால் கண்ணாடி வளையல் குலுங்கத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணனின் துணிமணிகளை எடுக்க முனீரும் அண்ணியும் லாரி ஷெட்டுக்குப் போன அன்று, ரேடியேட்டர் வலையில் சிக்கியிருந்த குருவியை முதலில் பார்த்தது அவள்தான். உள்ளங்கையில் அடங்கும் அளவு. எஞ்சின் சூட்டில் கருவாடாகியிருந்தது. தலையில் கறுப்புக் கொண்டை மட்டும் விறைத்து நின்றது.

"இந்த மாதிரி குருவிய நம்ம பக்கம் பாத்ததே இல்லியே, முனீரு."

குருவிக்கு எந்த ஊர் என்று தெரிந்தால் லாரி எங்கே போனது என்று தெரிந்துவிடும். முனீர் அதை டிபன் டப்பாவில் வைத்துக் கம்பெனிக்கு எடுத்துப் போனான். அங்கே எந்த பீஸையும் பிசுக்கோடு அளக்கக் கூடாது என்பது சட்டம். பத்து வருடப் பழக்கம். குருவியை மண்ணெண்ணெய்த் தட்டில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அதன் பிறகே அளந்தான்.

அடுத்த நாள் கிருஷ்ணகிரியில், விலங்கியல் விரிவுரையாளர் ரத்தினவேல் டப்பாவைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னப்பா பண்ணே இத?"

"கழுவுனேன் சார். மொத்த நீளம் நூத்திப் பதினெட்டு புள்ளி ஆறு நாலு மில்லிமீட்டர்."

"கொண்டை இருந்துச்சுன்னு சொன்னியே?"

"கழுவுறதுக்கு முன்னாடி இருந்துச்சு சார்."

இருந்த நிறமெல்லாம் ஒரே அழுக்குப் பழுப்பாகியிருந்தது. கொண்டை, எண்ணெய் வைத்து வாரிய தலைபோல மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. இருபது வருடமாகத் தவளை அறுத்தே ஓய்ந்துபோன ரத்தினவேல், பறவைப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு படமாகக் காட்டினார். நம் ஊர்க் கொண்டைக்குருவியை அளவே கழித்துக் கட்டியது. அது ஏறக்குறைய இரண்டு பங்கு நீளம். கடைசிப் பக்கங்களில் ஒரு படத்தின் மேல் முனீரின் விரல் நின்றது. சாம்பல் முதுகு. கறுப்புக் கொண்டை.

"இதான் சார்."

"இது இமயமலைல, மரமெல்லாம் நின்னுபோற உசரத்துல, புதருக்குள்ள திரியறது. நீளம் பன்னெண்டு சென்டிமீட்டர்."

"எவ்ளோ கூடலாம் கொறையலாம்னு டாலரன்ஸ் போடலியே சார்."

"போடமாட்டாங்க. நானும் எழுதித் தரமாட்டேன். நீ பாத்தத வெச்சு நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

கையெழுத்து இல்லாமலே முனீர் போய் மாரிசாமியைப் பிடித்தான். குந்தாரப்பள்ளி சந்தையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் முன்னால் டப்பாவை வைத்துத் திறந்தான்.

"லாரி பனிமலைக்குப் போயிருக்கு. குருவி சொல்லிடுச்சு."

மாரிசாமி டப்பாவைப் பார்த்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

"பர்மிட் இல்லாம மேல ஏறுனோம்ணே. செம குளிரு. நான் ஓட்டல் பெஞ்சுல படுத்துக்கிட்டேன். அண்ணன் லாரிய வுட்டு வரமாட்டேன்னு, கேபின் கதவ சாத்திக்கினு ஸ்டவ்வ பத்த வெச்சிக்கினு படுத்தாரு. காலைல தட்டுறேன், எழும்பல. ஸ்டவ் பொகையில மூச்சு போயிருச்சு. அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. வெளிய சொன்னா நீயும் நானும் உள்ள போவணும்னு மொதலாளி சொன்னாரு."

கிருஷ்ணகிரியைத் தாண்டினால் மப்ளர் கட்டிவிடுகிற ஆள் ஷௌகத் அலி. பஸ்ஸில் முனீர் ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

வீட்டு வாசலில் ஃபகருன்னிசா அரிசி புடைத்தபடி, வழக்கம்போல, புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டில் ஒரு தெம்பு இருந்தது. ஓடிப்போனவன் என்றைக்காவது திரும்பி வந்து வாங்கிக் கட்டிக்கொள்வான் என்கிற தெம்பு. முனீர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கெட்ட பீஸை பாஸ் செய்ய முடிவு செய்தான்.

"இன்னா சொன்னாரு வாத்தியாரு?"

"வெறும் சிட்டுக்குருவிதான் அண்ணி. டெல்லில தெருவுக்குத் தெரு கெடக்குமாம்."

டப்பாவைத் திறந்து காட்டினான். மண்ணெண்ணெய் அன்றைக்குத்தான் உதவிக்கு வந்தது. பழுப்பு உடம்பு, வழுக்கைத் தலை. சிட்டுக்குருவி என்றால் யாரும் நம்புவார்கள்.

அவள் குருவியை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்குக் கொண்டை இருந்துச்சு."

"அது... தூசி அண்ணி. கழுவுனதும் போயிடுச்சு."

"முனீரு, ஒரு நூல் கொறைஞ்சாலும் கொறைஞ்சதுன்னு சொல்ற ஆளு நீ. உங்கண்ணனே உன்ன அதுக்குத்தான் கிண்டல் பண்ணுவாரு."

அவன் டப்பாவை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை. அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான்.

"நீயே பொய் சொல்றியேப்பா" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

முறத்தை ஓரமாக வைத்தாள். இடது கையிலிருந்து வளையல்களை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினாள். திட்டு நின்றுபோன வீட்டில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது.