எந்தத் துறையின் ஐம்பத்து நாலு?

கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் காலனிக்குள்ளேயே ஒரு சிமெண்டுக் களம் இருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் நெல்லைக் காயப்போட்டு அள்ளிய பிறகுதான் நாங்கள் போட முடியும். ஏன் என்று கேட்டால் பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பாண்டி, "அரசாணை எண் ஐம்பத்து நாலு" என்பார். வருஷத்தையும் கூசாமல் சொல்வார். அந்த அரசாணையை அவரும் பார்த்ததில்லை, எவரும் பார்த்ததில்லை.

நான் சரண்யாதேவி. விளாங்குடியில் அறை எடுத்துத் தங்கி, பொது நிலங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இந்த முறை அம்மாவின் அரை ஏக்கர் நெல் நனைந்து மூட்டையில் கிடந்தது. உடனே காயாவிட்டால் முளைத்துவிடும். அந்த அரசாணையைப் பார்க்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

வாட்ஸ்அப்பில் அந்த அரசாணை என்று ஒரு படம் சுற்றியது. பாதி வெட்டுப்பட்டது, கையெழுத்தும் இல்லை. அதை நம்புவதற்கா இவ்வளவு படித்தேன்? அரசு இணையதளத்தில் வருவாய்த் துறைக்குள் போய் அதே எண்ணையும் வருஷத்தையும் தேடினேன். வந்தது, யாரோ ஓர் ஓட்டுநரின் ஓய்வூதியம்! எரிச்சலோடு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நெலம்னா ரெவின்யூதானம்மா? அங்க இல்லையே."

"எனக்கென்னடி தெரியும்? களத்தக் கட்டுனப்ப யூனியன் ஆபீஸ் இஞ்சினியருதான் டேப்பப் பிடிச்சு அளந்தாரு."

என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். ஒவ்வொரு துறையும் வருஷா வருஷம் ஒன்றிலிருந்து எண் போடும். துறை தெரியாத எண், தெருப் பெயர் இல்லாத வீட்டு எண் மாதிரி. இது தெரிந்த நானே ஊர்ப் பழக்கத்தில், நிலம் என்றதும் வருவாய்த் துறைக்கு ஓடியிருக்கிறேன்.

யூனியன் ஆபீஸ் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருவது. அந்தத் துறையைத் திறந்தேன். ஐம்பத்து நாலு, உலர்களங்கள்! செயலாளரின் கையெழுத்து இருந்தது. பின்னிணைப்பில் எங்கள் காலனியின் பெயரும் இருந்தது. 'களம் அமைந்துள்ள குடியிருப்பைச் சேர்ந்த விவசாயிகளுக்கே முன்னுரிமை. அவர்கள் பயன்படுத்தாத நாட்களில் மட்டும் பிறர் பயன்படுத்தலாம்.'

நான் குதித்த குதியில் கீழ்வீட்டு அஸ்வினி, "என்னக்கா, மாப்பிள்ளை அமைஞ்சிருச்சா?" என்று கத்தினாள்.

"அதுக்கும் மேலடி!"

அம்மாவுக்கு ராத்திரியே போனில் சொல்லிவிட்டு, அச்செடுத்த காகிதத்தோடு காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். தங்கப்பாண்டி களத்தில் தன் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் நீட்டிய காகிதத்தை அவர் தொடவில்லை.

"எங்குட்டாச்சும் பிரிண்ட் போட்டு வந்திருப்ப."

"உங்க போன்லயே பாருங்க தலைவரே. அரசாங்கத்தோட இணையதளம். துறையத் தொட்டு நம்பரப் போடுங்க."

போட்டார். படித்தார். மறுபடியும் மேலேயிருந்து படித்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"நம்பரு நான் சொன்னதுதான?" என்றார்.

"நம்பரு மட்டுந்தான் நீங்க சொன்னது."

யாரோ சிரித்தார்கள். அவர் தன் ஆட்களிடம் மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். காகிதத்தைக் காட்டலாம் என்று அம்மாவைத் தேடினேன். அவள் அதற்குள் முதல் மூட்டையைக் களத்தின் நடுவுக்கு இழுத்துவந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அதத்தான் ராத்திரியே சொல்லிட்டியே. வந்து ஒரு கை பிடிடி, வெயில் போகுது!"