இரண்டு பேர் போனோம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசிப் பக்கத்தில் திறந்துகாட்டும் வித்தையெல்லாம் எனக்கும் தெரியும். இருபத்தைந்து வருடமாக அந்த வித்தையை வைத்துத்தான் பெயர் வாங்கினேன். இந்த முறை அது வேண்டாம். நான் ஒரு பொய் எழுதினேன். அதைத் திருத்துவதற்காக இதை எழுதுகிறேன்.

பெரிய பொய் ஒன்றுமில்லை, பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். கூட வந்தவரை விட்டுவிட்டேன்.

கவனித்துப் பாருங்கள். பயணக் கட்டுரைகளில் எழுத்தாளர் எப்போதும் தனியாகத்தான் நடப்பார். தனியாக மழையில் நனைவார். பாலத்தின்மேல் தனியாக நின்று வாழ்க்கையைப் பற்றி யோசிப்பார். பாலத்துக்கு இந்தப் பக்கம் அவருடைய பையையும் பிடித்துக்கொண்டு ஒரு மனைவியோ மச்சானோ "சீக்கிரம் வாங்க, பசிக்குது" என்று கத்திக்கொண்டிருப்பார். அவரைப் பற்றி ஒரு வரி இருக்காது.

என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் அக்கா.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) "வரைபடத்தில் என் கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடுகிற நாடு அது." நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டைவிரலை வைத்தவள் அக்கா. பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை வரைபடத்தை விரித்து, "யாரும் போகாத இடமாப் போவோம்டா. கூட்டத்தைப் பார்த்தது போதும்" என்றாள்.

(ஆ) "விமானம் தரையிறங்கியபோது என்னைத் தவிர அந்த நாட்டுக்கு யாரும்

இதை அப்படியே விட்டுவிட்டேன். பார்த்தீர்களா, திருத்த உட்கார்ந்த இடத்திலேயே கை பழைய புத்தியைக் காட்டுகிறது.

(இ) "அக்காவுக்கு அறுபது வயது. முப்பத்துநான்கு வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவள் அவள்தான். இருவருமே அதற்குமுன் வெளிநாடு போனதில்லை." இதில் அழகு கொஞ்சம் குறைவுதான், ஆனால் எல்லாம் உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சேர்க்கவேண்டும். சின்ன வயதிலிருந்து என் கதைகளையெல்லாம் முதலில் கேட்டவள் அவள். ஒரு நாளும் பாராட்டியதில்லை. நான் முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். "சரி, அப்புறம்?" என்பாள். அவ்வளவுதான்.

3

மூன்று நாள் இருந்தோம். பார்ப்பதற்கென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஆறு, ஒரு மணிக்கூண்டு, பச்சைக் கதவு வைத்த வீடுகள். அக்கா தெருவில் உள்ள பலகைகளையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். அந்த எழுத்து அவளுக்குத் தெரியாது என்பது அவளைத் தடுக்கவில்லை.

"'இந்தச் சுவர்ல சாயாதீங்க, விழுந்தா நிர்வாகம் பொறுப்பில்லை'ன்னு போட்டிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இவ்வளவு நீளமா எழுதினா வேற என்னத்தை எழுதுவான்?"

இரண்டாம் நாள் அவள் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்திக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். அங்கே இருந்த செருப்புத் தைப்பவர் தன் ஊசி நூலை ஒரு பழைய பயணப் பெட்டியில் வைத்திருந்தார். பிடியில் விமானக் கம்பெனியின் சீட்டு வெளுத்துப்போய்த் தொங்கியது. பக்கத்து முடிதிருத்தும் கடையில் துண்டுகள் இன்னொரு பெட்டியில் இருந்தன. பழம் விற்றவள் உட்கார்ந்திருந்ததும் ஒரு பெட்டியின்மேல்தான். மூவர் முகத்திலும் ஒரே நாட்டுச் சாயல் இல்லை.

"ஏன்டா, இந்த ஊர்ல யாரும் எங்கேயும் போறதில்லையா? எல்லார் பெட்டியும் கடைக்குள்ளயே கிடக்கு" என்றாள் அக்கா.

நான் உடனே நோட்டில் குறித்துக்கொண்டேன், என் வரியாக.

கிளம்பும் நாள் காலையில் விடுதியின் வரவேற்பு மேசைப் பெண் நான்கு தாள்கள் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த நாட்டு வழக்கம் அது. வெளியேறுகிறவர்கள் தங்கியிருந்த நாட்களைப் பற்றி எழுதிக் கொடுக்கவேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம், படிக்க ஆள் இருக்கிறார்கள். சேர்ந்து வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு போதும். தாளின் தலையில், 'இதில் எழுதப்படாதது வெளியே போகாது' என்று ஏழெட்டு மொழிகளில் அச்சடித்திருந்தது. சுங்கத்துக்காரர்களின் கெடுபிடி என்று நினைத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் எடுத்த ஒரு கூழாங்கல்லையும் கடையில் வாங்கிய ஒரு சோப்பையும் மறக்காமல் எழுதினேன்.

"நீதானே எழுத்தாளர், நீயே எழுது. நான் பெட்டியைக் கட்டுறேன்" என்றாள் அக்கா.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதினேன். எழுத எழுத ருசி தட்டிவிட்டது. இதை அப்படியே பத்திரிகைக்குக் கொடுக்கலாமே என்று தோன்றியது. அந்த நான்கு பக்கத்தில் செருப்பு அறுந்தது எனக்கு. பெட்டிகளைக் கவனித்தது நான். ஆற்றங்கரையில் தனியாக நின்றது நான். எனக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் அவள் என் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

4

விமான நிலையம். காலை பதினொரு மணி, நல்ல வெயில்.

(இந்த இடத்தை மூன்று வரைவுகளில் அழகுபடுத்தியிருந்தேன். ஒன்றில் பனிமூட்டம்கூட இருந்தது. எடுத்துவிட்டேன்.)

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வாசிப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண். வரிக்குக் கீழே விரலை ஓட்டியபடி நான்கு பக்கத்தையும் படித்து முடித்துவிட்டு, தமிழில் பேசினார். எந்த ஊர்த் தமிழ் என்று கண்டுபிடிக்கவே முடியாத தமிழ்.

"நல்லா எழுதியிருக்கீங்க. தனியா சுத்துறதுல ஒரு சுகம் இருக்குல்ல?"

"தனியா இல்லைங்க. அக்காவும் வந்திருக்காங்க. அதோ, பெஞ்சுல."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "குறிப்புல இல்லையே."

"அது சும்மா, எழுத்துக்காக விட்டது."

"கூழாங்கல் இருக்கு. சோப்பு இருக்கு. மணிக்கூண்டு எட்டு நிமிஷம் லேட்டா ஓடுறதுகூட இருக்கு. அக்கா இல்லை."

"தாளைக் கொடுங்க, ஒரு வரி சேர்த்துடுறேன்."

"கொடுத்தது கொடுத்ததுதான். ஊருக்குப் போய்த் திருத்தி அனுப்புங்க. திருத்தினதைப் படிச்ச வெளியாள் ஒருத்தர், ஆமா, ரெண்டு பேர்னு எங்ககிட்ட சொல்லணும். சொன்னா அவங்களை அனுப்பிடுவோம்."

"இப்படியெல்லாம் யாராவது ஆளை விட்டுட்டுப் போவாங்களா?"

"எழுதுறவங்கதான் விடுவாங்க. மத்தவங்க, கூட வந்தவங்களைப் பத்தி முதல் வரியிலேயே புகார் எழுதிடுவாங்க."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பேச்சை மாற்ற, "நீங்க இவ்வளவு நல்லா தமிழ் பேசுறீங்களே, எந்த ஊரு?" என்று கேட்டேன்.

அவர் முத்திரையை எடுத்து என் கடவுச்சீட்டில் குத்தினார். "நானும் ஒருத்தரோட சுத்திப் பார்க்க வந்தவதான். அவர் ரொம்ப நல்லா எழுதுவார்" என்றார்.

5

அடுத்து நடந்ததை முதல் வரைவில் எப்படி எழுதினேன் தெரியுமா? இரண்டு காவலர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டாம் வரைவில் நான் மயங்கி விழுந்தேன். கண் திறந்தபோது விமானத்தில் இருந்தேன்.

நடந்தது வேறு. அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பத்திரிகைக்கென்று நான் எடுத்து வைத்திருந்த குறிப்பின் நகலை அவள் வாங்கி நின்றபடியே படித்தாள். செருப்பு அறுந்த இடத்தில் ஒரு கணம் நின்றாள். பிறகு மடித்துக் கொடுத்தாள்.

"ரெண்டு நாள்தானேடா. அந்த ஆத்தங்கரையில காலை நீட்டி உட்கார்ந்திருக்கேன். நீ கிளம்பு. நாளைக்கு உனக்கு விழா இருக்குல்ல."

ஆமாம், மறுநாள் எனக்கு ஒரு பாராட்டு விழா இருந்தது. என் கால்களாலேயே நடந்துபோய் விமானத்தில் ஏறினேன். யாரும் தள்ளவில்லை. எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கூழாங்கல் என் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தடுக்கவில்லை.

6

ஊருக்கு வந்து பார்த்தால், புகைப்படங்கள் எல்லாவற்றிலும் நான் மட்டும்தான் இருக்கிறேன். இதில் மாயமொன்றும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தது அவள். நான் அவளை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

மற்றவற்றுக்கு எனக்கு விளக்கம் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர், "உங்களுக்கு அக்கா இருக்காங்களா சார்? சொல்லவே இல்லையே" என்றார். அவர் தினமும் அக்காவிடம் தலைவலி மாத்திரை கேட்டு வாங்கிப் போகிறவர். அவள் மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்திருந்த மருந்தகத்தில் போய் விசாரித்தேன். "அந்த மூணாவது ஜன்னல் ரொம்ப வருஷமா மூடித்தானே சார் கிடக்கு?" என்றார்கள். அவள் அறையைத் திறந்தேன். விற்காத என் புத்தகக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மேலே விரல் கனத்துக்குத் தூசி.

முதல் திருத்தத்தை அவசரமாக எழுதி அனுப்பினேன். பத்தாம் நாள் திரும்பி வந்தது. 'முழங்கால் வலியால் மெதுவாக நடந்தாள்' என்ற வரியின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் கேட்டிருந்தார்கள்: எந்த முழங்கால்? கீழே இன்னொரு வரி: 'எழுதியபடிதான் அனுப்ப முடியும்.'

தவறாக எழுதினால் தவறான ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாள்.

எந்த முழங்கால்? அறுபது வயது அக்கா. ஒரே வீடு. எனக்குத் தெரியவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவாள். வலது காலைத்தான் முதலில் வைப்பாள். வலிக்கிற காலைத்தான் முதலில் இறக்குவார்கள் என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் வலது. பாரமெல்லாம் இடது காலில் விழுந்திருக்கும். அதனால்தான் இடது செருப்பின் வார் அறுந்தது. ஊக்கு குத்தியிருந்தது இடது செருப்பில்தான், அதை நான் பார்த்தேன்.

பார்த்தேனா, இல்லை கணக்கு சரியாக வரவேண்டும் என்பதற்காகப் பார்த்ததாக எழுதுகிறேனா? என் தொழில் அப்படி. என்னை நானே நம்ப முடியவில்லை. ஆனாலும் இடது செருப்பு என்றே எழுதுகிறேன். நீங்களும் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

7

முடிவுகள்.

ஒன்று: ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அக்கா பெட்டியோடு வந்து நின்று, "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்டா" என்கிறாள். இந்த முடிவை அடித்துவிட்டேன். என் அக்கா உயிர்போனாலும் அப்படிச் சொல்லமாட்டாள். அவள் வேறு யாரோ. அவளை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டேன், காகிதத்தில்தான்.

இரண்டு: நான் திரும்பிப் போகிறேன். இந்த முறை குறிப்பை அவள் எழுதுகிறாள். என்னை விட்டுவிட்டு வருகிறாள். நியாயமான முடிவு. ஆனால் விசாவுக்கு விண்ணப்பித்தபோது, 'உங்கள் வருகை முழுமையாகப் பதிவாகியுள்ளது. மறுமுறை அவசியமில்லை' என்று பதில் வந்தது.

மூன்று: அவள் வரவில்லை. நான் இந்தக் கதையை அச்சில் பார்க்கிறேன். நண்பர்கள் பிரமாதம் என்கிறார்கள்.

இந்த மூன்றாவதை எழுதும்போது, வாக்கியம் நன்றாக வந்திருக்கிறதே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். என்னை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

8

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தது பழைய அதிகாரி இல்லை.

"அவங்க இல்லைங்க. அவங்களுக்குத் திருத்தம் வந்துடுச்சு, ஊருக்குப் போயிட்டாங்க. இப்ப நான்தான் படிக்கிறேன். சொல்லுங்க."

எந்த ஊரும் இல்லாத அதே தமிழ். ஆனால் குரல் எனக்குத் தெரிந்த குரல்.

"அக்கா?"

"இங்க அப்படி யாரும் இல்லைங்களே."

பிறந்ததிலிருந்து அவள் என்னை 'டேய்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். செருப்பு, பெட்டிகள், கட்டைவிரல் என்று கிடைத்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "இதெல்லாம் எழுத்துல இருக்கணுங்க. எழுதி அனுப்புங்க. படிச்சவங்களை நாங்க கூப்பிட்டுக் கேட்டுக்குறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த எழுத்துதான் இது. படித்தவர் நீங்கள்.

ஒரு நாள் காலை பதினொரு மணிவாக்கில் உங்கள் போன் அடிக்கும். உங்கள் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு பெண் மரியாதையாகப் பேசுவாள். எத்தனை பேர் போனார்கள் என்று கேட்பாள். இரண்டு பேர் என்று சொல்லுங்கள். எந்தச் செருப்பு என்றும் கேட்கலாம். அதையும் இந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்க்காமல் சொல்லவேண்டும்.

"நன்றிங்க" என்று அவள் வைத்துவிட்டால், நான் எழுதியது போதவில்லை என்று அர்த்தம். நான் மறுபடி எழுதுவேன்.

ஆனால் அவள் போனை வைக்காமல், "சரி, அப்புறம்?" என்று கேட்டால், வைத்துவிடாதீர்கள். அது என் அக்கா. அவளுக்குச் சொல்ல என்னிடம் முடிவு இல்லை, அதனால் நீங்கள்தான் சொல்லவேண்டும். உங்களுக்குத் தோன்றியபடி சொல்லுங்கள். ஒன்றே ஒன்று, கேட்க அழகாக இருக்கட்டும் என்று அதிலிருந்து யாரையும் விட்டுவிடாதீர்கள்.