மூன்று பூட்டு நல்லிணக்கம்

திண்டிவனம் நெடுஞ்சாலையில், எங்கள் கூட்டுரோட்டுப் பேருந்து நிறுத்தத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. மாரியம்மன் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் மூன்றும் சேர்ந்து கட்டியது. கழிப்பறைக்குச் சாமி பெயரை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் 'மத நல்லிணக்கக் கழிப்பறை' என்று எழுதினார்கள். நல்லிணக்கத்துக்காகக் கோபித்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லை.

சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் கொஞ்சம் இழுத்தது. ஒருவர் கையில் இருந்தால் மற்ற இருவருக்கும் மரியாதைக் குறைவு. கடைசியில் தர்மகர்த்தா வெங்கடாசலம், பங்குப் பேரவைச் செயலாளர் சகாயராஜ், ஜமாஅத் தலைவர் அமீர் பாட்சா மூவரும் ஆளுக்கொரு பூட்டை ஒரே கதவில் தொங்கவிட்டார்கள். உள்ளே போக வேண்டியவள் மூன்று தெருவுக்கும் போய் மூன்று சாவி வாங்கி வர வேண்டும். அவ்வளவு நேரம் பொறுக்க முடிந்தவளுக்குக் கழிப்பறையே தேவையில்லை.

அம்மா அந்த நிறுத்தத்தில்தான் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விற்கிறாள். நான் பொட்டலம் மடிப்பேன். முன்பு பெண்கள் ஒதுங்கிய கருவேலங்காடு இப்போது வீட்டுமனையாகிக் கலர் கொடிகளோடு நிற்கிறது. அதனால் அம்மா வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தாள். "இன்னொரு தபா வந்தா கிட்னி போயிடும்மா, தண்ணி குடி" என்றார் டாக்டர். தண்ணீரை எழுதிக் கொடுத்தார். சாவியை எழுதிக் கொடுக்கவில்லை.

போன வாரம் அம்மா பயந்துபோய் ஒரு பாட்டில் குடித்துவிட்டாள். மதியத்துக்குள் முகம் வெளுத்துவிட்டது. நான் ஓடினேன். மூன்று வீட்டிலும் ஒரே பதில்: விழுப்புரம் போயிருக்கிறார். கழிப்பறை கட்டியதற்காக ஒரு சங்கம் விருது கொடுக்கிறதாம். மூவரும் சாவிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரே காரில், அவ்வளவு ஒற்றுமையாகப் போயிருந்தார்கள்.

பக்கத்துத் தள்ளுவண்டியில் தோசை சுடும் குல்சும் பீவி அக்கா அடுப்பை அணைத்தார்.

"பூட்ட ஒடைச்சிடலாமா அக்கா?" என்றேன்.

"எத மொதல்ல ஒடைப்ப? எத ஒடைச்சாலும் கலவரம்தான். நவுரு பாப்பா."

அவர் பூட்டுகளைப் பார்க்கவேயில்லை. கதவில் பூட்டில்லாத ஓரத்துக்குப் போய், தோசைக்கரண்டி முனையால் கீல்களின் திருகாணிகளைக் கழற்றினார். கதவு அந்தப் பக்கமாகத் திறந்துகொண்டது. மூன்று பூட்டும் கீல்களாக நின்று தாங்கின. அம்மா உள்ளே ஓடினாள்.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. மூவரும் விருதுக் கேடயத்தோடு இறங்கினார்கள்.

"யாரு உள்ள? எவ பூட்ட ஒடைச்சது?" என்றார் வெங்கடாசலம்.

"நாந்தாங்க, சவுரியம்மா. இருங்க, வர்றேன்" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"யாரு பூட்டும் ஒடையலீங்க. நல்லா இழுத்துப் பாத்துக்கங்க" என்றார் குல்சும் அக்கா.

மூவரும் தத்தம் பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். பிறகு மற்ற இரண்டும் பூட்டியிருக்கின்றனவா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்கள். முகம் தெளிந்தது.

"நம்மளுது பூட்டினாப்லயே கீது" என்றார் சகாயராஜ்.

"மூணும் அப்படியே இருக்குல்ல, அப்பறம் இன்னா பேஜாரு? ஜல்தி வாங்க. கேடயத்த எங்க மாட்டுறதுன்னு பேசணும்" என்றார் அமீர் பாட்சா.

கேடயம் ஒன்றுதான் என்பது அப்போதுதான் மூவருக்கும் உறைத்திருக்க வேண்டும். வரும்போது ஒரே காரில் வந்தவர்கள், போகும்போது தனித்தனியாக நடந்தார்கள்.

அம்மா வெளியே வந்து முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

"பாட்டில்ல தண்ணி மீதி இருக்குதாடி?" என்றாள்.