ஐம்பத்தாறு வாரத் தப்பு

“பாய்லரை யாராவது தலைமேல தூக்கிட்டு ஓடிடப் போறாங்களா? ஏறுங்கண்ணே!”

சலவையக முதலாளியின் கையைப் பிடித்து இழுத்தபடி அவள் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் கதவுக்கு முன்னால் நாற்காலி ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்க நேரமில்லை. மணி இரண்டு ஐம்பத்திரண்டு. மூன்று மணிக்கு அவள் உதவித்தொகை அதிகாரியின் அறையில் இல்லையென்றால் விண்ணப்பத்தைக் கட்டி மூலையில் போட்டுவிடுவார்கள். உதவித்தொகை இல்லையென்றால் நாளையோடு கல்லூரியில் இடமும் இல்லை.

“மூச்சு வாங்குது வக்கீலு.”

“மேல போய் மொத்தமா வாங்கிக்கலாம்.”

அவருக்கு ஊரெல்லாம் ‘ஸ்டீம்’ என்று பெயர். சலவையகத்தில் துணி தேய்க்கும் நீராவி அழுத்தி இருப்பதாலும் வந்த பெயர், அவருக்கே அடிக்கடி கொதி வந்துவிடுவதாலும் வந்த பெயர். அவளுக்கு அவர் வைத்த பெயர் வக்கீல். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, மதியம் அரை மணி நேரம் உட்காரும் உரிமைக்காக அவரிடம் ஒன்றே கால் மணி நேரம் வாதாடியவள் அவள். அவருடைய மற்றொரு கையில் தடித்த பதிவேடு. இருபத்திரண்டு வருஷத்தில் தன் கடையில் ஒரு கைக்குட்டைகூட மாறிப்போனதில்லை என்பதை அவர் வாடிக்கையாளர்களிடம் சொல்வார், கேட்காவிட்டால் தெருவில் போகிறவர்களிடமும் சொல்வார். இன்று அவர் அவளுக்குச் சாட்சி.

விஷயம் இதுதான். கல்லூரி உதவித்தொகைக்குப் பெற்றோரின் வருமானச் சான்று வேண்டும். அப்பா தரமாட்டார். இரும்புக்கடை வைத்திருப்பவர், மகள் பள்ளி முடித்ததும் கல்லாவில் உட்காருவாள் என்று முடிவு செய்து நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார். அவள் நில அளவை படிக்க வேண்டும் என்றாள். “வெயில்ல கோலைப் பிடிச்சு நின்னு அடுத்தவன் நிலத்தை அளக்கவா உன்னைப் பெத்தோம்?” என்றார். அன்று சாயங்காலம் ஒரு பையோடு வெளியே வந்தவள்தான், சலவையகத்தின் மாடியில் துணி மூட்டைகள் வைக்கும் அறையில் ஒரு பாதியைத் துடைத்துப் படுத்துக்கொண்டாள். அப்பாவுக்குத் தகவல் போனது. அவர் கோபப்படவில்லை. “அழுக்குத் துணிதான் அவளுக்குப் பிடிச்சிருக்குன்னா நம்ம வீட்டுத் துணியையும் அவளே துவைக்கட்டும்” என்று சொல்லி, வழக்கமாகப் போகும் மூட்டையை நிறுத்தாமல் அதே கடைக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். வாரம் தவறாமல் அப்பாவின் சட்டைகள் அவள் கைக்கு வந்தன. அவளும் காலர் நுனி மடங்காமல் தேய்த்து அனுப்பினாள். குறை சொல்ல ஒரு சுருக்கம்கூடத் தரக்கூடாது என்பது அவள் வீம்பு.

விதியில் ஒரே ஒரு சந்து இருந்தது. பெற்றோரை விட்டு முழுதாக ஒரு வருஷம் தனியே வாழ்ந்து, சொந்த உழைப்பில் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தச் சான்று வேண்டாம். வேலை கொடுத்தவர் நேரில் வந்து சொன்னால் போதும். அந்தச் சந்துக்குள் அவள் நுழையப் பார்த்தபோதுதான் அப்பா குறுக்கே கட்டையைப் போட்டார்: என் மகள் என் வீட்டில்தான் இருக்கிறாள், படிக்க வைக்க நான் தயார், விண்ணப்பம் பொய் என்று மனு. அதற்குத்தான் இன்றைய விசாரணை.

கதவைத் திறந்தபோது அப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, திகைப்பு. வராத ஆளுக்காகப் பேசத் தயாராகி வந்தவரின் திகைப்பு. அடுத்த நொடியே அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

“வா பாப்பா. இப்படி ஓடி வரணுமா? வேர்த்துக் கொட்டுது பாரு” என்றார். வீட்டில் அவர் இந்தக் குரலில் பேசி அவள் கேட்டதில்லை. கடையில், பெரிய ஆர்டர் தருகிறவர்களிடம் பேசும் குரல் அது.

அதிகாரி ஐம்பதை நெருங்கும் பெண்மணி. கண்ணாடி தலையில் இருந்தது. அதை மேஜை முழுவதும் தேடிவிட்டுத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். “நாலு மணிக்கு எனக்கு இன்னொரு விசாரணை இருக்கு. சுருக்கமாப் பேசுங்க. அழறவங்க வெளியே போய் அழுதுட்டு வாங்க.”

“இங்கே யாரும் அழப் போறதில்ல மேடம்” என்றாள் அவள்.

ஸ்டீம் அண்ணன் ஆரம்பித்தார். பதின்மூன்று மாதமாகத் தன்னிடம் வேலை, மாடியில் தங்கல், சம்பளம் இன்ன தேதியில் இவ்வளவு. ஒழுங்காகச் சொன்னார். அதிகாரி குறித்துக்கொண்டார். எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது என்று அவள் நினைத்த நேரத்தில் அப்பா பையைத் திறந்தார்.

உள்ளேயிருந்து ஒரு கட்டுச் சீட்டு வந்தது. சலவையகத்தின் சீட்டு, ரோஜா நிறக் காகிதம். ஒவ்வொன்றாக மேஜையில் விரித்தார், சீட்டாட்டத்தில் கடைசிக் கையை இறக்குகிறவர் மாதிரி.

“இவரு கடை சீட்டுதான் மேடம். ஐம்பத்தாறு வாரம். படிச்சுப் பாருங்க. ஆண் சட்டை ஆறு, வேட்டி நாலு, போர்வை ரெண்டு. அதுக்குக் கீழே?”

அதிகாரி படித்தார். “பெண் சட்டை, ஒண்ணு.” அடுத்த சீட்டு. “பெண் சட்டை, ஒண்ணு.” அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது.

“என் வீட்டுல சட்டை போடுற பொம்பளை இவ ஒருத்திதான். என் சம்சாரம் போடுறதில்ல. பொண்ணு வீட்டுல இல்லேன்னா இந்தச் சட்டை யாருது? பேயோடதா?”

அந்தச் சட்டை எது என்று அவளுக்குத் தெரியும். இப்படி ஒரு சீட்டுக்கட்டாக அது தன் கழுத்துக்கே வரும் என்று ஒரு வாரம்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“அட, அதுவா!” ஸ்டீம் அண்ணன் துள்ளிப் பதிவேட்டைத் திறந்தார். “மேடம், எங்க கடையில ஒவ்வொரு துணிக்கும் தனி நம்பர். மையால எழுதிடுவோம், போகவே போகாது. இவங்க வீடு நூத்திப்பதினாலு. அந்தப் பெண் சட்டை நூத்திப்பதினாலு பை ஒன்பது, அந்த வீட்டோட ஒன்பதாவது துணி. ஐம்பத்தாறு வாரமும் அதே ஒன்பதுதான்! பழைய பள்ளிக்கூடச் சட்டை மேடம். போட்ட சட்டையே இல்ல. கசங்காம, மடிப்புக் கலையாம, போன மாதிரியே திரும்பி வரும். நானே பல தடவை யோசிச்சேன், இதை யாரு எதுக்கு வாரா வாரம்…”

“கசங்காமலா?” என்றார் அப்பா.

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அவர் கண் சீட்டுகளை விட்டு நகர்ந்து, இந்த அறையில் இல்லாத ஒருத்தியைப் பார்க்கத் தொடங்கியதை அவள் கண்டாள். வீட்டில் மூட்டை கட்டுவது அம்மா. இன்னும் இரண்டு வார்த்தை போனால் அந்தப் பார்வை வீடு போய்ச் சேர்ந்துவிடும். இவள் இங்கே ஜெயிப்பாள். சாயங்காலம் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவைக் கேள்வி கேட்பார்.

அவள் பதிவேட்டின் மேல் கையை வைத்து மூடினாள்.

“அது எங்க கடைத் தப்பு மேடம்.”

“என்ன தப்பு?” என்றார் ஸ்டீம் அண்ணன், அதிகாரி கேட்பதற்கு முன்னால்.

“வீட்டை விட்டு வரும்போது அந்த ஒரு சட்டையை நான் எடுத்துட்டு வந்தேன். அதுல பழைய வீட்டு நம்பர். துவைச்சா, நம்பரைப் பார்த்து அந்த வீட்டு மூட்டையில போட்டுடறாங்க. அங்கே, ‘இது இங்கே யாரும் போடறதில்ல’ன்னு அடுத்த வாரம் திருப்பி அனுப்பிடறாங்க. வந்ததும் மறுபடி நம்பர், மறுபடி மூட்டை. அது பாட்டுக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கு. இல்லையாண்ணே?”

ஸ்டீம் அண்ணன் அவளைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. இருபத்திரண்டு வருஷம். ஒரு கைக்குட்டை மாறவில்லை. அந்தப் பெருமையைத்தான் இந்தப் பெண், அதுவும் இவருடைய சம்பளத்தில் சாப்பிடுகிற பெண், அரசாங்க மேஜையில் வைத்துக் கிழிக்கிறாள். கொதிக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அவள் கையைப் பார்த்தார். பதிவேட்டின் அட்டையை அவள் இன்னும் விடாமல் அழுத்திப் பிடித்திருந்தாள். பதின்மூன்று மாதத்தில் அவர் பார்க்காத பிடி.

அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

“ஆமாம் மேடம். எங்க தப்புதான்.”

“ஐம்பத்தாறு வாரமாவா?”

“ஆமாம்.”

“ஒரே தப்பையா?”

“எங்க கடையில எல்லாமே ஒழுங்கு மேடம். தப்பும்தான்.”

அதிகாரியின் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா என்று கண்டுபிடிப்பதற்குள் சரியாகிவிட்டது.

“இதெல்லாம் கதை!” அப்பாவின் பெரிய ஆர்டர் குரல் உடைந்தது. “ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டு வந்திருக்காங்க. என் பொண்ணு என் வீட்டுலதான் இருக்கா. கடைக்குப் போறா, வர்றா. எனக்குத் தெரியாதா என் பொண்ணை?”

“தெரியுமா?” என்றாள் அவள்.

மணிக்கட்டு வரை இறங்கிய முழுக்கைச் சட்டையோடு எழுந்து நின்றாள். இரண்டு சட்டைக் கைகளுக்கும் பொத்தான் போட்டிருந்தது.

“ஆறு மாசம் முன்னாடி எனக்குக் கையில சூடு பட்டுச்சு. நீராவி அழுத்தி. மூணு வாரம் கட்டு. ஒரே வீட்டுல இருக்கோம், தினம் பார்க்கறீங்க. எந்தக் கைப்பா?”

அப்பா அவளுடைய இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கடையில் இரும்பைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிறவர் அவர்.

“வலது கை” என்றார்.

அவள் வலது கைப் பொத்தானைக் கழற்றிச் சுருட்டினாள். சுத்தமாக இருந்தது. பிறகு இடது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, அழுத்தியின் விளிம்பு அளவெடுத்துப் போட்ட கோடு, பளபளவென்று.

“இங்கே இருக்குப்பா. ஆஸ்பத்திரிக்கு இவர்தான் கூட்டிட்டுப் போனார். திட்டிக்கிட்டே.”

அதிகாரி சீட்டுகளைச் சேர்த்துத் தட்டி அப்பாவின் பக்கம் தள்ளினார். “மனு தள்ளுபடி” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “தனித்து வாழ்பவர்னு பதிஞ்சாச்சு. கீழே ரெண்டாம் கவுண்டர்ல இதைக் குடும்மா, இன்னைக்கே. அப்புறம்…” கண்ணாடிக்கு மேலாக ஸ்டீம் அண்ணனைப் பார்த்தார். “அந்தச் சட்டையை இனிமேலாவது சரியான ஆள்கிட்ட குடுத்திடுங்க. மறுபடி அந்த வீட்டுக்குப் போகக்கூடாது.”

“போகாது மேடம்” என்றார் அவர்.

அந்த இரண்டு வார்த்தை அவளுக்குள் எங்கோ போய்க் குத்தியது. ஜெயித்த காகிதம் கையில் இருந்தது. பிடி தளராமல் வெளியே வந்தாள்.

நடையில் ஸ்டீம் அண்ணன் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் போனார். “இருபத்திரண்டு வருஷம்” என்று சுவரிடம் சொன்னார். “கவுண்டர்ல நிக்கறேன். சீக்கிரம் வா, பாய்லர் கெடக்கு.” ஏன் என்று கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

“நில்லு.”

அப்பா. இப்போது கடைக் குரலும் இல்லை, வீட்டுக் குரலும் இல்லை.

“இன்னைக்கு மூணு மணின்னு உனக்கு யாரு சொன்னா?”

“தெரிஞ்சுது.”

“எப்படித் தெரியும்? உன் பேருக்கு வந்த கடுதாசி, மனுவில நான் குடுத்த வீட்டு விலாசத்துக்குத்தான் வந்துச்சு. நான்தான் வாங்கினேன். பீரோவுல வெச்சுப் பூட்டினேன். காலையில எடுக்கும்போதும் அங்கேயேதான் இருந்துச்சு.” சட்டைப் பையிலிருந்து உருவி அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். “இதோ! இந்த ஆபீசுல எவனுக்குக் காசு குடுத்தே?”

“காசு இருந்தா நான் எதுக்குப்பா இங்கே வர்றேன்?”

“பதில் சொல்லு.”

“சொல்லமாட்டேன். தனித்து வாழ்பவர்னு இப்பத்தான் முத்திரை குத்தினாங்க. பதில் சொல்ற வேலை முடிஞ்சுது.”

அவர் கை அந்தரத்தில் நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை; கடிதத்தைப் பார்த்தாள். உறையிலிருந்து எடுத்த கடிதத்துக்கு மடிப்புக் கோடு இருக்கும். இதில் நாலாக மடித்த தடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, மற்றபடி சலவைச் சட்டையின் முதுகு மாதிரி வழவழவென்று இருந்தது. பூட்டின பீரோவில் வைத்த காகிதம் எப்படி இத்தனை நேர்த்தியாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் எந்தத் துணியையும் தேய்த்தவரில்லை.

சலவையகத்தில் அவள் வேலை, வந்த துணிகளின் பைகளைத் துழாவிப் பார்ப்பதில் தொடங்கும். போன சனிக்கிழமை நூத்திப்பதினாலு பை ஒன்பதாம் நம்பர் சட்டையின் பையில், பொத்தான் போட்டு மூடி, இந்தக் கடிதம் இருந்தது. அதற்கு முன் கல்லூரியிலிருந்து இடம் கிடைத்த கடிதம் இருந்தது. அதற்கும் முன், பள்ளிச் சான்றிதழ், பிறந்த தேதிச் சான்றிதழ். மற்ற வாரங்களில் எதுவும் இருந்ததில்லை. வெறும் பைக்குக்கூட அம்மா பொத்தான் போட்டுத்தான் அனுப்பினாள். கடிதத்தை அவள் படித்தாள், எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கசங்கல் போகத் தேய்த்து, அதே பையில் வைத்து, பொத்தானைப் போட்டு, அப்பாவின் ஆறு சட்டைகளுக்கு நடுவே அடுக்கி, நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்தது போலவே அம்மா அதைத் திரும்பப் பீரோவில் வைத்திருப்பாள்.

அப்பா கடிதத்தை மடித்து, அவள் தேய்த்த சட்டையின் பையிலேயே திரும்ப வைத்துக்கொண்டார்.