கண் வருத்தம்

அறுபத்தாறாம் ஆண்டு, கழுத்தில் வந்த கழலை புற்றுநோய் என்று தெரிந்ததும், கண்டாவளையில் வயல் செய்துகொண்டிருந்த ஏரம்பு தன் மனைவி இராசேஸ்வரியைக் கொழும்புக்குக் கொண்டுபோனார். கழலையை வெட்டி எடுத்தார்கள். பிறகு அவளைத் தனியறையில் இருத்தி, கதிரியக்க அயோடீன் கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். கோப்பையை வைத்த தாதி வாசலுக்கு அப்பால் போய் நின்றுகொண்டாள். இரண்டு வருடத்துக்குள் மூன்று முறை அப்படிக் குடித்தாள். உயிர் தப்பியது.

அதற்குப் பிறகுதான் கண் வழியத் தொடங்கியது. உலையில் அரிசி போடும்போதும், களை பிடுங்கும்போதும், சிரிக்கும்போதும்கூடக் கன்னம் நனைந்தே இருக்கும். யாழ்ப்பாணத்துக் கண் டொக்டர் இமையோரத்தை அமத்திப் பார்த்தார்; மெல்லிய கம்பியொன்றைக் கண்ணோரத்தில் விட்டும் பார்த்தார்.

"கண்ணீர் மூக்குக்கை இறங்கிற குழாய் அடைபட்டிட்டுது. அந்த மருந்தாலையோ என்னவோ, எனக்குச் சொல்லத் தெரியேல்லை. திறந்து பாத்தன், சரிவரேல்லை."

மகள் கமலாசனியைப் பெண் பார்க்கச் சாவகச்சேரியிலிருந்து வந்தார்கள். தேத்தண்ணீர் கொடுத்த இராசேஸ்வரியின் முகத்தையே மாப்பிள்ளையின் தாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அழுறியள்? பிள்ளைக்கு விருப்பமில்லையோ?"

"ஐயோ, அப்பிடியில்லை. இது கண் வருத்தம், தன்பாட்டிலை வழியும்."

"என்னத்தாலை வந்தது?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கழலையையும் கொழும்பையும் சொன்னாள். அந்த அம்மாள் தேத்தண்ணீரைக் குடிக்காமலே வைத்துவிட்டாள். பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு கதையும் வரவில்லை.

அடுத்த சம்பந்தக்காரர் வருவதற்கு முதல்நாள், ஏரம்பு மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"நாளைக்கு நீ உடையார்கட்டிலை உன்ரை தங்கச்சி வீட்டை போய் இரு. அவள் சின்னம்மாவாய் இஞ்சை வந்து நிக்கட்டும். கேட்டால் நீ ஊரிலை இல்லையெண்டு சொல்லுவம்."

"ஓம், போறன்" என்றாள்.

சம்பந்தம் பொருந்தியது. கலியாணத்தன்று தாய்க்குக் கடும் காய்ச்சல் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார்கள். தங்கை இலட்சுமியும் புருஷனும் மணவறையில் நின்று பிள்ளையைத் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். இராசேஸ்வரி குசினிக்குள் அடுப்பருகே இருந்து மேளச் சத்தத்தைக் கேட்டாள்.

புறப்படும் முன் கமலாசனி கூறைச் சேலையோடு உள்ளே ஓடி வந்தாள்.

"அம்மா, அழுறியளே?"

"இல்லையடி மோனை. வருத்தம்தானே. நீ போயிட்டு வா."

மகள் நம்பிவிட்டாள். முகம் தெளிந்து, காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். கார் புறப்படும் சத்தம் கேட்டது. குரலெடுத்து அழ வேண்டும்போல் இருந்தது இராசேஸ்வரிக்கு. வெளியே மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இன்னும் நின்றார்கள். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.