சும்மா இருந்த எட்டு நிமிடம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்தில் கிடைத்தது. பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வரும் வண்டி, அத்திப்பள்ளி நெரிசலில் நகராமல் நின்றிருந்தது. பக்கத்தில் இருந்தவன் கதை எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டான், நான் பதில் சொன்னேன். சரியான பதில்தான். ஒன்றரை வருடமாக அந்தச் சரியான பதில் என்னைத் தூங்கவிடாமல்—

[பொய். நன்றாகவே தூங்கினேன். எழுதும்போது கை தானாக இப்படிப் போகிறது. எழுதியது அப்படியே இருக்கட்டும்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மனித மூளை ஓய்வில் இருக்கும்போதும் ஓய்வதில்லை.’ செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பு மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

அடுத்தது: ‘தீர்த்தகிரியின் தலையில் இரும்புச் சட்டம் இறங்கியபோது மணி மூன்று இருபது.’ நான் அங்கே இல்லை. இல்லாத இடத்தில் கடிகாரம் பார்க்க எனக்கு என்ன உரிமை?

ஆகவே என்னிடமிருந்தே தொடங்குகிறேன். என் பெயர் ஹரீஷ்குமார். இரண்டாயிரத்தெட்டில் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மூளை ஆராய்ச்சியில் உதவியாளனாக இருந்தேன். ஓசூர்க்காரன் என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும். அதற்காகத்தான் எடுத்தார்கள்.

ஆராய்ச்சி இதுதான். தலையில் அடிபட்டவர்களை ஸ்கேன் குழாய்க்குள் எட்டு நிமிடம் படுக்க வைப்போம். எந்த வேலையும் தரமாட்டோம். அந்த நேரத்தில் மூளையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று இயந்திரம் ரத்த ஓட்டத்தை வைத்துக் கணக்கெடுக்கும். தூரத்தில் இருக்கும் இரண்டு பகுதிகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அவற்றுக்குள் தொடர்பு இருக்கிறது என்று பொருள். அடிபட்ட தலையில் எந்தத் தொடர்பு அறுந்திருக்கிறது என்று பார்க்க, அடிபடாத தலை ஒன்றும் வேண்டும். அதே வயது, அதே படிப்பு, அதே வலதுகைப் பழக்கம். ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படி ஒரு ஜோடி.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை நான்தான் தமிழில் எழுதினேன்: ‘கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்திருங்கள்.* தூங்கிவிடாதீர்கள்.’

* ‘குறிப்பாக எதையும் நினைக்காதீர்கள்’ என்றுதான் ஆங்கிலத்தில் இருந்தது. அப்படிச் சொன்னால் எல்லோரும் எதையாவது குறிப்பாக நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ‘சும்மா’ கன்னடத்திலும் ‘சும்மனே’ என்று இருப்பதால் ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் சுப்ரியாவுக்கும் பிடித்துப்போனது.

3

தீர்த்தகிரிக்கு முப்பத்துநான்கு வயது. ஓசூரில் ஒரு பட்டறையில் வேலை. மேலிருந்து சங்கிலியில் தொங்கும் ஹாயிஸ்ட்டில் இரும்புச் சட்டங்களைத் தூக்கி இறக்குவார்கள். ஒருநாள் சட்டம் இறங்கும்போது அவன் கீழே இருந்தான். ஹெல்மெட்டோடு மண்டையும் உடைந்தது. பிழைத்தான். நடப்பான், சாப்பிடுவான், சிரிப்பான். ஆனால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் அது அவனைவிட்டுப் போய்விடும். அந்த நாளும், அதற்கு முந்தைய ஒரு வாரமும் அவன் நினைவிலேயே இல்லை. கம்பெனி விசாரணையில் ‘ஊழியரின் சொந்தக் கவனக்குறைவு’ என்று எழுதி முடித்தார்கள். அவனும் கையெழுத்துப் போட்டான்.

மனைவி ருக்மணி அவனைச் சொந்த ஊரான நாகரசம்பட்டிக்கே அழைத்துப் போய்விட்டாள். ஜோடிக்கு யாரைப் பிடிப்பது என்று நான் கேட்டபோது அவள்தான் சொன்னாள்:

“கோவிந்தன் இருக்காருங்க சார். ஐ.டி.ஐ.ல ஒன்னாப் படிச்சாங்க, ஒரே ஷிப்ட்டு. எங்களுக்குன்னா உசுரையே குடுப்பாரு.”

4

[கோவிந்தனை எனக்கு எழுத வரவில்லை. ஒரு பிரதியில் அவனுக்குத் தந்திரக்காரக் கண்கள் வைத்தேன். இன்னொன்றில் எப்போதும் கலங்கிய கண்கள். நேரில் அவன் கண்களைப் பற்றி எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். கிரைண்டர் வேலையில் இரும்புத்தூள் போயிருந்தால் ஸ்கேன் காந்தம் இழுத்துவிடுமே என்று ஸ்கேனுக்கு முன்பு கண்ணை எக்ஸ்ரே எடுத்தோம். எதுவும் இல்லை.]

மே மாதம் ஒரு வியாழக்கிழமை அவன் குழாய்க்குள் போனான். எட்டு நிமிடம். வெளியே வந்ததும் சட்டைப் பித்தானை மாற்றி மாற்றிப் போட்டான்.

ஓசூருக்குத் திரும்பும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியது. பிறகு, “சார், நான் சும்மா இருக்கலைங்க,” என்றான்.

“யாராலும் முடியாதுங்க. பரவால்ல.”

“அந்த நாளே திரும்பத் திரும்ப ஓடுச்சுங்க சார்.”

“எந்த நாளு?”

“தீர்த்தகிரிக்கு அடிபட்ட நாளு.” முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “ஹாயிஸ்ட்டு பட்டன் எங் கையிலதாங்க இருந்துச்சு. அவன் கீள குனிஞ்சி கட்டையைச் சரிபண்ணிக்கிட்டிருந்தான். ‘இரு’ன்னு கை காட்னான். நான் பாத்தேங்க. பாக்காம இல்ல. ஷிப்ட் முடியற நேரம், கம்பெனி பஸ்ஸு ஹாரன் அடிச்சிட்டான். அதுக்குள்ள எந்திரிச்சிருவான்னு அமுக்கிட்டேன்.”

வண்டி அத்திப்பள்ளியில் நின்றது.

“இது படத்துல வந்திருக்குங்களா சார்? வந்திருந்துச்சுன்னா நானே போய் ருக்மணிகிட்ட சொல்லிடறேன். படம் பாத்து ருக்மணி தெரிஞ்சிக்கக் கூடாது. வரலைன்னா—”

அவன் முடிப்பதற்குள் நான் சொன்னேன். “வராதுங்க. மனசுல நினைக்கறதெல்லாம் அதுல தெரியாது. ரத்த ஓட்டம் மட்டும்தான். அதையும் இன்னும் இருபது பேரோட சேத்து சராசரி போட்டுருவாங்க. உங்க பேருகூட இருக்காது.”

அவன் கம்பியை விட்டான். ஓசூரில் இறங்கும்போது, “ரொம்ப தேங்ஸ் சார்,” என்றான்.

5

இங்கே நிறுத்தி உங்களிடம் கேட்கிறேன். நான் சொன்னது பொய்யா? இல்லை. ‘வந்திருக்கலாம்’ என்று சொல்லியிருந்தால் பொய். அந்தப் பொய் ஒரு மனிதனை அவன் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பியிருக்கும். உண்மை அவனைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பங்கேற்பவர் சொல்வதை வெளியே சொல்வதில்லை என்று நானே எழுதிய படிவத்தில் நானே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

டாக்டர் சுப்ரியாவிடம் பட்டும் படாமலும் கேட்டேன். “கோவிந்தன் உள்ள ஒரே விஷயத்தையே நெனச்சுக்கிட்டிருந்தாராம் மேடம். அவரோட ஸ்கேனை நீக்கிடலாமா?”

“எல்லாருமே எதையாவது நினைப்பாங்க ஹரீஷ். அதுக்குத்தான் நாம ஓய்வுன்னு பேர் வெச்சிருக்கோம்,” என்றார். திரையைத் திருப்பிக் காட்டினார். “ரொம்ப நல்ல டேட்டா. எட்டு நிமிஷமும் தலை அசையவே இல்ல.”

திரையில் புள்ளிகளும் கோடுகளும். எல்லாக் கோடும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஆரோக்கியமான மூளை என்றால் என்ன என்று காட்டும் படத்தில் அவனும் இருபத்தொன்றில் ஒரு பங்காக—

[இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் கேலியாகத் தொனிக்கிறது. கேலி செய்யும் நிலையில் நான் இல்லை.]

6

நவம்பரில் அடுத்த ஸ்கேனுக்குத் தேதி சொல்ல நாகரசம்பட்டி போனேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. வாசலில் கோவிந்தனின் வண்டி நின்றது. உள்ளே தீர்த்தகிரியை நாற்காலியில் உட்காரவைத்துக் கோவிந்தன் முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தான். வாராவாரம் ஓசூரிலிருந்து இதற்காகவே வருகிறான் என்றாள் ருக்மணி.

“கூடப் பொறந்தவங்ககூட எட்டிப் பாக்கலைங்க சார். இவரு ஒருத்தருதான்.” பிறகு புருஷனைப் பார்த்துக் குரல் மாறியது. “இந்த மனுசன் கொஞ்சம் கெவனமா இருந்திருந்தா இப்பிடி ஆயிருக்குமா? பராக்குப் பாத்துக்கிட்டு நிக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன். இந்த மனுசனால மூனு பேரும் சீரழியறோம்.”

மூன்றாவது, அவர்கள் மகள் பூங்கொடி. அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இதைத் தினமும் கேட்கிறவள்.

தீர்த்தகிரி நுரை முகத்தோடு சிரித்தான். “நாந்தான்... பாக்கல. கோவிந்தா, உன்னையும்... உன்னையும்...”

வாக்கியம் போய்விட்டது. எல்லோரும் காத்திருந்தோம். சவரக்கத்தி அவன் கழுத்தருகே நின்றது. கோவிந்தன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சொல்லிவிடாதே என்ற கெஞ்சல் இருந்ததா, சொல்லிவிடு என்ற வேண்டுதல் இருந்ததா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டும் பொருந்துகின்றன.

“...அலைய வெச்சிட்டேன்,” என்று முடித்தான் தீர்த்தகிரி. முடித்துவிட்ட மகிழ்ச்சியில் எல்லோரையும் பார்த்தான்.

நான் பையைத் திறந்து படிவத்தை எடுத்தேன். “இங்க ஒரு கையெழுத்துங்க,” என்றேன் ருக்மணியிடம். அவ்வளவுதான் நான் செய்தது.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கோவிந்தன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்கிறான். ருக்மணி அவனை அறைகிறாள். இன்னொன்றில் அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். ஞாயிறுதோறும் அவன் வந்து போக வேண்டும் என்பதற்காகத் தெரியாததுபோல் இருக்கிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே சந்தேகம் வந்தது. என் குற்றத்தைக் குறைக்க நான் அவளுக்குச் சூட்டும் அறிவு அது.

போன வாரம் கோவிந்தனுக்கு போன் செய்து, இதுவரை எழுதியதை முழுவதும் படித்துக் காட்டினேன். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. குறுக்கே பேசவில்லை. முடித்ததும், “கட்டை இல்லைங்க சார், அடியில வெக்கற தகடு,” என்றான். அதன்பின் கேட்டான்.

“இத ருக்மணி படிக்குங்களா?”

“புத்தகத்துல வந்தா படிக்கலாம். பத்தாவது வரைக்கும் படிச்சவங்கதானே.”

“பேரெல்லாம் மாத்திடுவீங்களா?”

“மாத்திடுவேன். ஓசூர்ல ஹாயிஸ்ட்டு இல்லாத பட்டறை எது? வேற யாரோன்னு நெனச்சுக்குவாங்க.”

“அப்ப எம் பேர மட்டும் மாத்தாதீங்க சார்.” வைத்துவிட்டான்.

மறுநாள் காலை அவனே கூப்பிட்டான். “சார், நேத்து ஏதோ ஒரு வேகத்துல சொல்லிட்டேன். அந்தப் புள்ள பூங்கொடி என்னைச் சித்தப்பான்னு கூப்பிடுது. பேர மாத்திடுங்க.” நான் சரி என்றேன். பத்து நிமிடம் கழித்து அவன் எண்ணிலிருந்து மறுபடி மணி அடித்தது. எடுத்தேன். மூச்சு விடுவது கேட்டது. “ஒன்னுமில்லைங்க,” என்று வைத்துவிட்டான்.

இரண்டு பேச்சும் ஒரே மனிதனுடையவை. எது அவன் என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு நிமிடம் அவன் தலைக்குள் பார்த்த இயந்திரத்துக்கும் தெரியாது.

கோவிந்தன் என்று எழுதியிருக்கிறேன். அது அவன் பெயரா, நான் வைத்ததா என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. இந்தப் பக்கத்தைப் படித்து, பாதியில் மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்காக ஒருத்தி காத்திருக்கலாம். இது எவளோ ஒருத்தியின் கதை என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த கதைக்கும் போகலாம். வாசலில் வண்டி வந்து நிற்கும்போது அவள் எழுந்து என்ன செய்வாள் என்பதை நான் எழுதவில்லை. நீங்கள் அவளாக இருந்தால், உங்களுக்குத்தான் தெரியும்.